பக்கத்து வீட்டு அம்மா எழுதிக் கொடுத்த பாட்டுகள்

இது நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஊர் ஹைலண்ட் பார்க், நியூஜெர்சி மாநிலம். பக்கத்திலேயே எடிசன். அங்கே போனால் முருங்கைக்காய் முதல் தோசை மாவு வரை எல்லாம் கிடைக்கிறது, அதனால் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. பேச்சுக்குத்தான் கஷ்டம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அவன் உலகம் வேறு.

எங்கள் தெருவில் யூதக் குடும்பங்கள் நிறைய. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு சபாத், அதாவது ஓய்வு நாள், தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டும் வரை கார் ஓட்ட மாட்டார்கள், லைட் சுவிட்சைத் தொட மாட்டார்கள், போனை எடுக்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பாவும் பிள்ளைகளும் நடந்தே ஜெப ஆலயத்துக்குப் போவதை நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். வந்த முதல் வாரமே ஒரு வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. மேஜையைத் தட்டிக்கொண்டு குடும்பமே பாடுகிறது. ஒரு வாத்தியம் கிடையாது. சுருதி அங்கங்கே விலகுகிறது. ஆனாலும் காதை எடுக்க முடியவில்லை.

பக்கத்து வீட்டில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அவரும் டீச்சர்தான், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வேலியோரம் பேசிப் பழக்கம். ஒரு சனிக்கிழமை அவரிடம், "உங்கள் ஆட்கள் பாடுகிறார்களே, அந்தப் பாட்டெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றார். சபாத் அன்று பேனா பிடித்து எழுதக்கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். கோடு போட்ட காகிதம், டீச்சர் கையெழுத்து, பக்கத்தில் மார்ஜின் வேறு! பேரனை விட்டு எல்லாவற்றையும் போனில் தேடிப் பிடித்து இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டதை எழுதச் சொல்லி என் தங்கை மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதனால் இந்தப் பதிவு. இன்னொரு காரணமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

நான் சங்கீதம் கற்றவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படிக்கிறபோது பாட்டு வகுப்பு இருந்தது, அவ்வளவுதான் என் ஞானம். ஆனால் 34 வருஷம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாட வைத்தவள். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் கடைசி வரிசை. முன் வரிசைப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் பாடிவிடும். கடைசி வரிசையில் பக்கத்துப் பையன் சட்டையில் பேனா மை தெளித்துக்கொண்டு நிற்பானே, அவன் இரண்டாம் தடவை வாய் திறந்தால் அது நல்ல பாட்டு. அந்தக் கணக்கில்தான் இவற்றுக்கும் மார்க் போடுகிறேன்.

முதலில் கேட்டது ஜோயி வைசன்பர்க் என்பவரும் ஹடார் குழுவும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த 'புரூக்ளின் ஸ்பிரிச்சுவல்ஸ்'. 'நிகுன்' என்று ஒரு வகைப் பாட்டு இவர்களிடம் உண்டு. அதில் பெரும்பாலும் வார்த்தையே இருக்காது. "லை லை லை", "யம் பம் பம்", இப்படியே போகும். நம் ஊர் நாற்று நடவில் "தன்னானே தானானே" போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் ஹசிதியம் என்ற பக்தி இயக்கம் எழுந்தது. படிப்பில்லாத ஏழையும் கடவுளிடம் நேரே போகலாம் என்று சொன்ன இயக்கம் அது. எழுத்து தெரியாதவனும் புத்தகம் இல்லாதவனும் பாட இந்த வார்த்தையில்லாத மெட்டு அவர்களுக்குத் தோதாக இருந்திருக்கிறது. வைசன்பர்க் அதைத்தான் இந்தக் காலத்துக்குக் கொண்டுவருகிறார். கூட்டமாகப் பாட வைப்பது எப்படி என்று 2011-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மா அதன் சாரத்தைச் சொன்னார்: பாட வைப்பவர் எதிரே தூரத்தில் மேடையில் நிற்கக்கூடாது, நடுவில் நிற்க வேண்டும், மற்றவர்கள் அவரைச் சுற்றி நெருக்கி நிற்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. நான் 34 வருஷமும் கொடிமரத்தின் பக்கத்தில் திண்டில் ஏறி நின்றுதான் பாட வைத்தேன்.

பாட்டு எப்படி இருக்கிறது என்றால், முதல் தடவை கேட்கும்போது ஒன்றும் தோன்றாது. ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் சுற்றில் நாம் அறியாமலே வெங்காயம் நறுக்கிக்கொண்டு கூடப் பாடிக்கொண்டிருப்போம். என் கடைசி வரிசைக் கணக்கில் முழு மார்க்.

அடுத்தது மக்காபீட்ஸ். நியூயார்க்கில் உள்ள யெஷிவா பல்கலைக்கழக மாணவர்கள் 2007-ல் தொடங்கிய குழு. வாத்தியம் கிடையாது, தாளம் முதல் எல்லாம் வாயாலேயே. இந்த மாதிரி வாய்ப்பாட்டு ஆல்பங்களுக்கு இவர்களிடம் தனியாக ஒரு காலம் இருக்கிறது. பஸ்கா பண்டிகைக்கும் அதற்கு அடுத்து வரும் ஷாவுவோத் பண்டிகைக்கும் நடுவில் 49 நாள் எண்ணுவார்கள். அந்த நாட்களில் பெரும்பகுதி துக்கம் காப்பார்கள். கல்யாணம் வைக்க மாட்டார்கள், முடி வெட்ட மாட்டார்கள், பலர் வாத்திய இசையும் கேட்க மாட்டார்கள். யாருக்காகத் துக்கம் தெரியுமா? ஏறத்தாழ 1,900 வருஷத்துக்கு முன்பு இருந்த ரபி அகிவா என்ற ஆசிரியரின் மாணவர்களுக்காக. 24,000 பேர் ஒரே பருவத்தில் இறந்துபோனார்கள், ஒருவரையொருவர் மதிக்காமல் நடந்ததுதான் காரணம் என்று தல்மூது நூல் சொல்கிறது. ஒரு வாத்தியாரின் பிள்ளைகளுக்காக ஒரு சமூகமே இன்றுவரை பாட்டை நிறுத்திவைக்கிறது என்று கேட்டபோது நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மக்காபீட்ஸ் பையன்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கிறது. கூடப் பாட முடியாது, கேட்கலாம்.

காகிதத்தில் மூன்றாவது பெயர் டெபி ஃப்ரீட்மன். இவர் பழைய ஆள், 1951-ல் பிறந்து 2011-ல் காலமானவர். அமெரிக்காவில் ஜெப ஆலயங்களில் கிட்டாரோடு, நாட்டுப்புறப் பாட்டு போல, எல்லோரும் சேர்ந்து பாடுகிற பழக்கம் வேரூன்றியதில் இவருக்குப் பெரிய பங்கு. நோயாளிகளுக்காக அவர் மெட்டமைத்த 'மி ஷெபேராக்' பாட்டு இன்று எத்தனையோ இடங்களில் வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. பாதி எபிரேயம், பாதி இங்கிலீஷ். உடம்பு குணமாக வேண்டும் என்பதோடு மனசும் முழுமையாக வேண்டும் என்று கேட்கிற பாட்டு. மெட்டு தாலாட்டு மாதிரி எளிமை.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உனக்கு பைபாஸ் நடந்த வாரம் நான் வேலியோரம் அழுதுகொண்டு நின்றபோது அந்த அம்மா உன் பெயரைக் கேட்டார். சொன்னேன். "அவருடைய அம்மா பெயர்?" என்றார். நோயாளிக்காக ஜெபிக்கும்போது, இன்ன தாயின் மகன் என்று தாய் பெயரைச் சேர்த்துச் சொல்வதுதான் அவர்கள் வழக்கமாம். நமக்கு இனிஷியலில் அப்பா மட்டும்தானே. நம்ம அம்மா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவள் பெயரை இந்த ஊர் ஜெப ஆலயத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

நாலாவது, எனக்காகவே தேடி எழுதியது. "உங்கள் பக்கத்துப் பாட்டு ஒன்று இருக்கிறது" என்றார். எருசலேமில் உள்ள எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் 2004-ல் வெளியிட்ட கேரள யூதப் பெண்களின் பாட்டுகள். இங்கிலீஷில் 'ஓ, லவ்லி பேரட்' என்று தலைப்பு. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேல் போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வந்தவை. இது புது ஆல்பம் இல்லை, புது இசையும் இல்லை. வயதான பெண்களின் உடைந்த குரல். ஆனால் வார்த்தை காதில் விழ விழ பாதி புரிகிறதே! நியூஜெர்சி சமையலறையில் உட்கார்ந்து யூதப் பாட்டு கேட்டு "கிளி" என்று அர்த்தம் சொன்ன ஆள் நானாகத்தான் இருக்கும். கண்டிப்பான யூதக் குடும்பங்களில் ஆண்கள் பிற பெண்கள் பாடுவதைக் கேட்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. கொச்சியில் அப்படி இல்லை, ஆண்கள் இருக்கிற சபையிலேயே பெண்கள் பாடியிருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது அந்த அம்மாவுக்கே ஆச்சரியம்.

தமிழ் டீச்சர் புத்தி, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எபிரேயத்தில் இன்று கிளிக்கு 'துக்கி' என்று பெயர். பைபிளில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில்களைக் குறிக்கிற சொல்லும் அதுவே. நம் 'தோகை'தான் அங்கே போய் இப்படி ஆனது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த அம்மாவிடம் சொன்னேன். "அப்படியானால் நான் சின்ன வயசிலிருந்து தமிழ் பேசிக்கொண்டிருக்கிறேனா?" என்று சிரித்தார்.

கோபி ஓஸ் என்பவரின் 2010 ஆல்பம் 'மிஸ்மோரே நெவூகிம்'. குழப்பத்தில் இருப்பவர்களின் சங்கீதங்கள் என்று சொல்லலாம். பக்திமானும் இல்லை, நாத்திகனும் இல்லை, நடுவில் நிற்கிற ஆளின் பாட்டுகள். அவருடைய தாத்தா துனீசியாவிலிருந்து வந்த பக்திப் பாடகர். அந்தத் தாத்தாவின் பழைய ஒலிப்பதிவை எடுத்து, அதன் இடைவெளியில் பேரன் பாடுகிறார். என் மாமனார் தேவாரம் பாடிய கேசட் ஒன்று இருந்தது, பெரியவன் அதன்மேல் கிரிக்கெட் வர்ணனையைப் பதிவு செய்துவிட்டான். பெரியவனே, உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

ஷ்லோமோ கார்லபாக் பெயரை அந்த அம்மா எழுதி, பிறகு அடித்து, மறுபடி எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டேன். 1925-ல் பெர்லினில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் தப்பி அமெரிக்கா வந்த ரபி. கிட்டாரோடு பாடியவர். இன்று உலகம் முழுக்க யூதர்கள் வெள்ளிக்கிழமை பாடுகிற மெட்டுகளில் எத்தனையோ அவருடையவை. 1994-ல் இறந்துவிட்டார். 1998-ல் 'லிலித்' என்ற யூதப் பெண்கள் பத்திரிகை, அவர் தங்களிடம் தவறாக நடந்துகொண்டார் என்று சொல்லும் பெண்களின் வாக்குமூலங்களை வெளியிட்டது. சில ஜெப ஆலயங்கள் அவர் மெட்டுகளைச் சில காலம் நிறுத்தி வைத்தன. பாடகியான அவருடைய மகளே 2018-ல் அந்தப் பெண்களின் வலியைத் தான் கேட்பதாக எழுதினார். "என் கல்யாணத்தில் பாடிய மெட்டு. இப்போது பாடினாலும் உறுத்துகிறது, பாடாவிட்டாலும் உறுத்துகிறது. கேட்க வேண்டியதை அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பெண்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்" என்றார் அந்த அம்மா. நான் அந்தப் பாட்டுகளுக்கு மார்க் போடவில்லை.

இனிதான் இந்தப் பதிவை எழுத வைத்த இரண்டு பேர்.

ஒருவர் விக்டோரியா ஹன்னா. எருசலேமில், கட்டுப்பாடான குடும்பத்தில், ரபியின் மகளாகப் பிறந்தவர். 2015-ல் 'அலெஃப் பேத்' என்ற பாட்டை வெளியிட்டு, 2017-ல் முதல் ஆல்பம் கொண்டுவந்தார். அலெஃப் பேத் என்றால் எபிரேய நெடுங்கணக்கு, 22 எழுத்து. எல்லாம் மெய் எழுத்து, உயிர் ஒலியைப் புள்ளியும் கோடுமாக அடியில் போடுவார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் நம் க, கா, கி, கீ மாதிரியே ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு உயிரோடு சேர்த்துக் கத்திப் படித்திருக்கிறார்கள். அதையே அவர் பாட்டாக்கிவிட்டார். கூடவே, கூடாரப் பண்டிகையில் சொல்லும் அகரவரிசை மன்றாட்டு ஒன்றும் வருகிறது, "காப்பாற்று, காப்பாற்று" என்று பொருள்படும் மன்றாட்டு. ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால், நாக்கால், தொண்டையால் தனித்தனியாகச் சுவைத்து உச்சரிக்கிறார். ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. நாற்பது குரல் சேர்ந்து "ங" சொல்கிற சத்தத்தை உங்களில் எத்தனை பேர் மறந்திருப்பீர்கள்?

பேரனிடம் "இன்னொரு தரம் போடு" என்றேன். அவன் போனில் அவரைப் பற்றிப் படித்துவிட்டு, "ஆச்சி, இவங்க சின்ன வயசுல திக்குவாயாம்" என்றான்.

பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேரன் முழித்தான்.

1996-ல் ஐந்தாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் சிலருக்கு உடனே தெரிந்துவிடும், தயவுசெய்து இங்கே எழுதாதீர்கள். கெட்டிக்காரன், கணக்கில் புலி. பேசினால் திக்கும். ஒருநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல அவன் முறை வந்தது. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். வரிசையில் சிரிப்பு. நான் சிரித்தவர்களை அதட்டினேன். அதுவரைக்கும் சரி.

அடுத்த வாரம் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவதாக இருந்தது. பாடுகிற குழுவில் அவனும் இருந்தான். பயத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை வைத்து, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னேன்: "நீ உதட்டை மட்டும் அசைச்சாப் போதும்டா கண்ணா. சத்தம் வேண்டாம்." அவனும் தலையாட்டினான். ஆய்வு நன்றாக முடிந்தது. அதிகாரி பாட்டைப் பாராட்டிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். நான் சொன்னது எனக்கே மறந்துபோனது.

நம்முடையது நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு முடித்தால் வெளியே போய்விடுவார்கள். 1999-ல் அவன் எட்டாம் வகுப்பு. கடைசி வேலை நாள், காலைக் கூட்டம். அன்றைக்கு என்னவோ நான் திண்டில் ஏறாமல் பிள்ளைகள் பக்கத்தில் நின்றேன். அவன் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றான். தமிழ்த்தாய் வாழ்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் உதடு ஒரு எழுத்து பிசகாமல் அசைகிறது. சத்தம் இல்லை.

மூன்று வருஷம். ஒரு வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல் கூட்டம் நடக்கும். நான் ஒருநாளைக்குச் சொன்னதை அவன் 600 நாள் கடைப்பிடித்திருக்கிறான். டீச்சர் வேண்டாம் என்றார், அதனால் வேண்டாம். "இனிமேல் பாடலாம்" என்று நான் சொல்லவே இல்லையே.

அப்போதாவது கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதைவிடக் கொடுமை பிறகுதான் தெரிந்தது. ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு ஒரு பயிற்சி முகாமில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வகுப்பு எடுத்தார். திக்கிப் பேசுகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பாடும்போது திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் திக்குவது வெகுவாகக் குறைந்துவிடும். அதாவது அவன் குரல் தடையில்லாமல் வரக்கூடிய இடம் அந்தக் கூட்டம்தான். அந்த இடத்தில்தான் நான் வாயை மூட வைத்திருக்கிறேன். அன்று மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் சாருக்கும், அவர் இருந்தவரை, தெரியாது.

இரண்டாவது ஆள் இஷாய் ரிபோ. 1989-ல் பிரான்சில் மார்சேய் நகரில் பிறந்து, சிறு வயதில் குடும்பத்தோடு இஸ்ரேல் போனவர். பக்தரும் கேட்கிறார், பக்தி இல்லாதவரும் கேட்கிறார். 2023 செப்டம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடுகிற அளவுக்குப் பெயர். 2019-ல் வந்த அவருடைய 'சேதெர் ஹஅவோதா' பாட்டைத்தான் அந்த அம்மா காகிதத்தில் அடிக்கோடு போட்டிருந்தார். "எலூல் மாதம் பிறந்த பிறகு கேளுங்கள்" என்று குறிப்பு வேறு. எலூல் என்பது அவர்கள் புத்தாண்டுக்கு முந்தைய மாதம். காலையில் ஜெப ஆலயத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவார்கள். ஆண்டுக் கணக்கைப் பார்க்கிற மாதம்.

பாட்டின் கதை இது. கி.பி. 70-ல் இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்தில், யோம் கிப்பூர் என்கிற பாவநிவாரண நாளில் மட்டும் பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த இடத்துக்குள் போவார். பலி ரத்தத்தை மேலே ஒரு தரமும் கீழே ஏழு தரமும் தெளிப்பார். கணக்குத் தப்பிவிடக் கூடாது என்று சத்தமாக எண்ணிக்கொண்டே தெளிப்பார்: ஒன்று, ஒன்றும் ஒன்றும், ஒன்றும் இரண்டும், இப்படி. ரிபோ அந்த எண்ணிக்கையை அப்படியே பாட்டில் வைத்திருக்கிறார். பிறகு, ஒரு மனிதன் தன் குறைகளை எல்லாம் இப்படியே ஒன்று ஒன்றாக எண்ணினால் என்ன ஆவான் என்று கேட்கிறார். தாங்க மாட்டான், சோர்ந்து விழுவான். அதன் பிறகு, தனக்குக் கிடைத்த நன்மைகளை எண்ணினால்? அந்தக் கணக்கு ஆயிரம், லட்சம் என்று ஏறிக்கொண்டே போகும். மெட்டு ரொம்ப எளிமை. கடைசியில் கூட்டம் சேர்ந்துகொள்ளும் இடத்தில் மேளச் சத்தம் கொஞ்சம் அதிகம், எனக்கு அது பிடிக்கவில்லை. மற்றபடி குறை இல்லை.

எனக்கு அந்தப் பாட்டில் இரண்டாவது எண்ணிக்கைக்குப் போகவே முடியவில்லை. முதலாவதிலேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "உங்கள் காலம் அப்படி, ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்" என்று யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசைதான். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறதாம். கடவுளுக்குச் செய்த தப்பு யோம் கிப்பூர் அன்று தீரும். இன்னொரு மனிதனுக்குச் செய்த தப்பு அந்த நாளிலும் தீராது, முதலில் அவனிடம் போய்ச் சமாதானம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்கு வர வேண்டும். அதனால் எலூலில் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்பார்களாம்.

"அவருக்கு இப்போது என்ன வயசு?" என்றார்.

"நாற்பது இருக்கும்."

"உயிரோடு இருக்கிறாரா?"

"இருக்க வேண்டும்."

"அப்புறம் என்னிடம் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்?"

டீச்சரிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

நான் யூத மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. யோம் கிப்பூர் எனக்கு நோன்பு நாள் இல்லை. ஆனால் எனக்கு 67 வயசு ஆகிறது, சர்க்கரை இருக்கிறது, தம்பிக்கு வந்தது எனக்கும் வரலாம். அதனால் கேட்கிறேன். 1999-ல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளே, உங்களில் யாரிடமாவது அவன் நம்பர் இருக்கும். எனக்கு அனுப்பிவிடாதீர்கள். முதலில் அவனிடம் கேளுங்கள், டீச்சர் பேசலாமா என்று. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். சரி என்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். இங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் அங்கே அடுத்த நாள் காலை ஆறரை. அவன் எந்த நேரம் சொன்னாலும் நான் விழித்திருப்பேன்.

ஒருவேளை அவனே இதைப் படித்துக்கொண்டிருந்தால்: தம்பி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அதிகாரிக்குப் பயந்து சொன்னேன். நீ பாடியிருக்க வேண்டிய பாட்டையெல்லாம் நான் கெடுத்தேன். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு. தை மாதம் ஊருக்கு வருகிறேன், நீ சம்மதித்தால் உன் வீட்டுக்கே வருகிறேன்.

பாட்டுப் பட்டியல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்தக் காகிதத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்லிப் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போடுவான்.